கழற்றாத காற்று

ஜூன் 9, ஞாயிறு

இன்று நான் சொல்லாமல் விட்டது: "காற்றைக் கழற்றினியாடி?"

கச்சான் காற்று பலம். வெயில். கண்ணுக்குள் மணல், காதுக்குள் மணல், முக்காட்டை உதறினால் ஒரு பிடி.

நாளைக்கு மறந்துபோகாமல் இருக்க ஒழுங்காக எழுதுகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் இராணுவ முகாமின் சுடும் மைதானத்தில் என் தோழி ஜெசி துவக்கோடு குப்புறப் படுப்பாள், நான் பக்கத்தில் தொலைநோக்கியோடு. குறிப்பலகை அறுநூறு யார் தூரத்தில். கொடிகளைப் பார்த்து நான் காற்றைச் சொல்வேன், "இடம் அஞ்சு" என்று. அவள் துவக்கின் பக்கத்திலுள்ள வட்டை அத்தனை கோடு இடப்பக்கம் திருப்புவாள். ஒரு கோடு திருப்பினால் அந்தத் தூரத்தில் ரவை ஆறு அங்குலம் நகரும். சுட்டு முடிந்ததும் வட்டைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதைத்தான் காற்றைக் கழற்றுவது என்கிறோம். ஜெசி மறப்பாள். எண்ணைப் பார்க்காமல் டிக் டிக் என்று காதால் எண்ணித் திருப்புகிறவள். கை உறுதி, தலை ஓட்டை. அதனால் அவள் முதல் ரவையை ஏற்றுமுன் நான் கேட்பேன். "கழற்றியாச்சு" என்பாள், அல்லது நாக்கைக் கடித்துக்கொண்டு கழற்றுவாள். ஒன்றரை வருஷப் பழக்கம்.

இன்று கேட்கவில்லை. போன ஞாயிறு வைத்த ஆறு கோடு அப்படியே இருந்தது. அதன் மேல் நான் சொன்ன ஐந்து. ரவை பலகைக்கு வெளியே. பலகையை ஏற்றி இறக்கும் குழியிலிருந்து, தவறியதற்கான சிவப்புக் கொடியை ஆட்டினார்கள்.

மைதானத்துக்குப் பொறுப்பு ஒரு சார்ஜன். சிங்களவர். தமிழை உடைத்துத்தான் பேசுவார், வசவு மட்டும் முழுசாக வரும். எங்களை நங்கி, தங்கச்சி, என்பார்.

"நங்கி, ரவை எங்க?"

"மிஸ் ஆயிட்டு, சேர்."

"மிஸ் இல்ல. மண்ணுக்குள்ள இருக்கு. முடிஞ்ச பிறகு போ, எடுத்துக்கொண்டு வா. நடந்து."

மைதானத்துக்கு வரும் உப்பளப் பெடியன்கள் சிரித்தார்கள். ஒருவன்: "கடலுக்குப் போயிருக்கும் அக்கா. மீனுக்குப் பட்டிருந்தா கறிக்குக் கொண்டு வாங்க!"

பன்னிரண்டு மணி வெயிலில் ஜெசி அறுநூறு யார் தூரம் நடந்தாள். பலகைக்குப் பின்னால் உள்ள மண் அணையில் முழங்காலிட்டு விரலால் தோண்டினாள். நான் தொலைநோக்கியை மடிக்கவில்லை. அதில் அவள் முகம் கைக்கெட்டும் தூரத்தில். அழுதாள். மூக்கைத் தோளில் துடைத்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அழுகிறவர்களின் முகம் அசிங்கமாக இருக்கும். அதை நான் முழுசாகப் பார்த்தேன்.

மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் இந்தப் பக்கத்தைத் திறந்தேன். எழுத வரவில்லை.


ஜூன் 11, செவ்வாய்

நான் வேலை செய்யும் நில அளவைக் கந்தோரில் மின்சாரம் இல்லை. ஜன்னலோரம் மேசையை இழுத்துப்போட்டு வரைந்தேன். ஒரு காணியை மூன்று சகோதரர்களுக்குப் பிரிக்கும் படம். மூத்தவர் அளவையாளரிடம், சத்தம் குறைத்து: "சேர், அந்தக் கிணறு என்ட பக்கம் விழுற மாதிரி கோட்டைக் கொஞ்சம்..." அளவையாளர் என்னைப் பார்த்தார். நான் பென்சில் சீவினேன். கோடு விழவேண்டிய இடத்தில் விழுந்தது. மூத்தவர் எழும்பிப் போகும்போது கதிரையை உதைத்தார்.

மதியம் துவக்குச் சுடும் கழகத்தின் கடிதம். ஜூலை 20, 21இல் மலைநாட்டில் பெரிய போட்டி. மாவட்டத்துக்கு ஒரு பெண். தெரிவு இந்த மாதம் 30. தெரிவானவர் ஜூலை 5, நாலு மணிக்குள் கொடுக்க வேண்டியவை:

அடையாள அட்டைப் பிரதி
இரண்டு படம்
வைத்தியர் கடிதம்
கிராம சேவகரின் வதிவிடச் சான்று

நாலாவதை இரண்டு தரம் வாசித்தேன்.

பல்வலி. கராம்பு வைத்தேன்.


ஜூன் 14, வெள்ளி

வதிவிடம். நான் பிறந்தது இங்கே, பாலாவிக்குப் பக்கத்தில், அகதிமுகாம் கொட்டில் ஒன்றில். படித்தது இங்கே. பல்வலிக்கு மருந்தெடுப்பது இங்கே. ஆனால் மூன்று வருஷத்துக்கு முன் வாப்பா முழுக் குடும்பத்தையும் எங்கள் பூர்வீக ஊரான மன்னாரில் பதிந்துவிட்டார். அங்கே பதிந்தால்தான் வீட்டுத் திட்டத்தில் வீடு. வீடு கிடைத்தது. நாலு சுவரும் கூரையும் பூட்டும். அதில் யாரும் இல்லை.

வாப்பாவிடம் கேட்டேன், என் பதிவை மட்டுமாவது இங்கே மாற்றலாமா என்று.

"மாத்தினா வீட்டுப் பட்டியல்ல பேரை வெட்டுவானுகள். உனக்கு வீடு வேணுமா, வெடி வேணுமா?"

வெடி என்று நான் சொல்லவில்லை. அதையும் இன்றைய சொல்லாதவற்றில் சேர்.

துவக்கு முகாமில்தான் இருக்கும், வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே பயிற்சி இப்படி: சிமெந்துத் தரையில் குப்புறப் படுத்து, உப்பு நிரப்பிய பையின் மேல் ஒரு மரக்கட்டை, வாப்பாவின் பழைய பெல்ட் தோள்வாராக. எதிரே கலண்டர். 9ஆம் தேதியின் வளையத்துக்குள் குறி. மூச்சு பாதி விட்டு, நிறுத்தி, விரல். நாற்பது தடவை.

உம்மா என்னைத் தாண்டித் தாண்டிச் சமைக்கிறார். பக்கத்து வீட்டு ராத்தாவிடம்: "பாருங்க, கிடக்கிற கிடையை. செத்துப்போன மையத்துகூட மல்லாக்கத்தான் கிடக்கும்."

ராத்தா: "துவக்குப் பிடிக்கிற பொம்பளைய ஆர் கட்டுவான்? கட்டினவன் வாய் திறப்பானா?"

உம்மா: "திறக்காத மாப்பிள்ளை கிடைச்சா நல்லந்தானே."

சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கட்டை அசைந்தது. அந்த வெடி கணக்கில் இல்லை.


ஜூன் 16, ஞாயிறு

இன்று கேட்டேன். "கழற்றியாச்சு, கழற்றியாச்சு" என்றாள்.

பத்து வெடி, ஒவ்வொன்றுக்கும் உச்சம் ஐந்து. ஜெசி 47. நான் 44. எனக்குக் காற்றுச் சொல்ல அவளால் முடியாது. நானே கொடியைப் பார்த்து, நானே வட்டைத் திருப்பி, நானே சுட வேண்டும். அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அழகா இருக்குடி பலகை" என்று சொல்வாள். அவ்வளவுதான் அவள் உதவி.

சார்ஜன்: "இந்த நங்கி கண். நீ காற்று. ரெண்டும் ஒரு ஆளா இருந்தா நல்லம்."

யாரும் என்னைப் பற்றி இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. வெறுப்பு வந்தது.

பிறகு நிழலில் பாணும் சம்பலும். ஜெசியின் ஊர் தலவிலப் பக்கம். காற்றுக்காக வெள்ளைக்காரர் வந்து தங்கும் ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை. அவர்கள் பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் ஓடுவார்கள். எங்கள் கரையில் காற்றையும் விற்கலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

"அன்னம்மா கோயில் பெருநாள் முடிஞ்ச கையோட கல்யாணம்டி. இத்தாலி. மாப்பிள்ளை வீட்டாக்கள் சொல்லிட்டாங்க, இனி துவக்கெல்லாம் வேணாமாம்."

"நீ என்ன சொன்ன?"

"ஓம் என்டன். ஜூலை மட்டும் விடுங்க என்டன். ஒரேயொருக்கா மலைநாட்டில படுத்துச் சுட்டுட்டு வந்தா போதும். பிறகு அங்க போய் கிழவிமாரைக் குளிப்பாட்டலாம்."

பாணைப் பிய்த்துப் பெரிய பாதியை எனக்குத் தந்தாள். எப்போதும் அப்படித்தான். அதுவும் எரிச்சல்.


ஜூன் 19, புதன்

இங்குள்ள கிராம சேவகர், ஜீ.எஸ்., கந்தோர். முன்னால் பதினாலு பேர்.

"தங்கச்சி, உங்கட பேர் என்ட பட்டியல்ல இல்லையே. மன்னார்ல கேளுங்க."

"நான் பிறந்ததிலிருந்து இங்கதான் இருக்கன்."

"எனக்குத் தெரியும். உங்கட வாப்பாவோட டீ குடிச்சிருக்கன். பட்டியலுக்குத் தெரியாதே."

நல்ல மனிதர். கதவு வரை வந்து வழியனுப்பினார்.


ஜூன் 22, சனி

காட்டுப் பாதை பஸ்ஸில் மன்னார். மண்பாதை, குலுக்கல், இரண்டு இடத்தில் யானைச் சாணம். அங்குள்ள ஜீ.எஸ். சனிக்கிழமையும் வேலை செய்யும் ரகம். எங்கள் வீடு எப்போதும் பூட்டிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார்.

"பேர் இருக்கு. ஆள் இல்லையே. ஆறு மாசம் வந்து இருங்க, தாறன்."

எங்கள் வீட்டு முற்றத்தில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள். ஆடு என்னை அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. அதற்கு வதிவிடம் இருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் கணக்குப் போட்டேன். நான் தெரிவானால்தானே சான்று வேண்டும். ஜெசி இருக்கும்வரை தெரிவாக மாட்டேன். அவளுடைய சான்று, படம், வைத்தியர் கடிதம் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் தயார். காட்டினாள். படத்தில் சிரிக்கிறாள். நிம்மதியாக இருக்க வேண்டிய கணக்கு. இருக்கவில்லை.

நூலகப் புத்தகம் இரண்டு, தவணை கடந்து ஒன்பது நாள்.


ஜூன் 29, சனி

நாளை தெரிவு. இன்று பின்னேரம் கடைசிப் பயிற்சி. கச்சான் ஊளையிட்டது. ஜெசிக்கு நான் சொன்ன கடைசிக் காற்று: இடம் ஆறு. கடைசி வெடி நடுவில்.

மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று தகப்பன் முச்சக்கரவண்டியோடு வாசலில் நின்றார். "என்ட துவக்கையும் வச்சிடுடி, கும்பிடுறன்" என்று ஓடினாள். இரண்டு துவக்கையும் நான் கொண்டுபோய் ஆயுத அறையில் வைத்தேன். அவளுடையதை ராக்கையில் நிறுத்தும்போது வட்டைப் பார்த்தேன். ஆறு.

மற்றவர் துவக்கின் வட்டைத் தொடக்கூடாது என்பது மைதானத்தின் கடும் சட்டம். தொட்டவனை ஒரு மாதம் நிறுத்துவார்கள். சட்டத்தை மதித்தேன். சட்டங்கள் எவ்வளவு வசதியானவை.

சார்ஜன் அறிவித்தல் பலகையில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டினார். வழமையாகத் தொடக்கத்தில் இரண்டு சோதனை வெடி, கணக்கில் சேராது. நாளைக்கு அவை கிடையாது. ரவை போதாது. முதல் வெடியிலிருந்தே கணக்கு.

இதை ஜெசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினேன். உடனே. ஒரு தோழி செய்ய வேண்டியதைச் செய்த திருப்தி. வட்டைப் பற்றி அனுப்பவில்லை. நாளைக்குத்தான் கேட்பேனே என்று நினைத்தேன். உண்மையில் நினைத்தேனா என்று இப்போது பார்க்கிறேன். நினைத்ததாக எழுதியிருக்கிறேன்.

கொண்டுபோக வேண்டியவை: காதடைப்பு. மேலதிக ஊசி, முக்காட்டுக்கு. தண்ணீர். பென்சில். கராம்பு.


ஜூன் 30, ஞாயிறு

காலை ஏழு. காற்றே இல்லை. இந்தக் காலத்தில் இப்படி ஒரு காலை வருஷத்தில் இரண்டு முறை வரும். கொடிகள் நனைந்த துணிபோலத் தொங்கின. உப்பளம் கண்ணாடி.

மூன்று பேர். சிலாபத்திலிருந்து வந்த ஓர் ஆசிரியை 31 எடுத்தார், நன்றி சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஜெசி.

படுத்தாள். நான் பக்கத்தில். அவள் கையில் மருதாணி, நேற்றையது. முதல் ரவையை எடுத்தாள். ஏற்றவில்லை. என் கேள்விக்காக நின்றாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பழக்கம் அவளை நிறுத்தியது. சாலையில் சிமெந்து லொறி ஒன்று போனது. அது போய் முடியும் வரை நேரம் இருந்தது.

நான் சொன்னது: "பூச்சியம்."

வட்டைத் தொடாமல் ஏற்றினாள். ஆறு கோடு, முப்பத்தாறு அங்குலம். பலகையின் நடுவிலிருந்து ஓரம் வரை முப்பத்தாறு அங்குலம். ஜூன் 9இல் எனக்குச் செய்முறையாகவே தெரிந்த கணக்கு.

சிவப்புக் கொடி.

அவள் என்னைப் பார்க்கவில்லை. வட்டைப் பார்த்தாள். ஆறு முறை டிக். பிறகு ஒன்பது வெடி. எட்டு ஐந்து, ஒரு நாலு. 44. ஒரு பூச்சியத்தோடு 44. அப்படி ஒருவர் சுட்டு நான் பார்த்ததில்லை. சார்ஜன் வாய்க்குள் ஏதோ சிங்களத்தில் சொன்னார், மரியாதையாக.

நான் 45.

படித்த நாவல்களில் குற்றம் செய்தவனுக்குக் காய்ச்சல் வரும். எனக்குப் பசித்தது.

ஜெசி: "நீ கேக்கல்லடி."

"மறந்துட்டன்."

ஜெசி: "ஓம். ரெண்டு பேரும் மறந்துட்டம்."

சார்ஜன் வழக்கத்தை விடவில்லை. "நங்கி, ரவை."

போனாள். தொலைநோக்கியை நான் மடித்திருக்கலாம். இந்த முறை அவள் அழவில்லை. தோண்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நேராகத் தொலைநோக்கியைப் பார்த்தாள். அறுநூறு யார் தூரத்துக்கு அந்தப் பக்கமிருந்து, என் கண்ணுக்குள். அங்கே ஒரு கண் இருக்கும் என்று தெரிந்த பார்வை. முதல் தடவையும் தெரிந்திருக்கலாம்.

நசுங்கிய ஒரு ரவையோடு வந்தாள். சார்ஜன் உள்ளங்கையில் உருட்டினார்.

"இது பழசு. பச்சை பிடிச்சிருக்கு. உன்ட இல்ல. திரும்பப் போ."

பெடியன்கள்கூடச் சிரிக்கவில்லை. அவளை விடச் சொல்ல ஒரு வசனம் போதும். தெரிவானவள் நான், என் பேச்சை அவர் இன்று கேட்டிருப்பார். தண்ணீர் குடித்தேன். அவள் மீண்டும் நடந்தாள்.


ஜூலை 1, திங்கள்

உம்மா வட்டிலப்பம் அவித்தார். ராத்தா வீட்டுக்கும் ஒரு கோப்பை. "என்ட மகள்தான் மாவட்டத்துக்கே ஒராள்" என்று மதிலுக்கு மேலால். வாப்பா சவரம் செய்துகொண்டார், மன்னாருக்குப் போய்ச் சான்று எடுக்க. "ஜீ.எஸ்.ஸோட நான் கதைக்கிறன். ஆம்புள கதைச்சா வேற."

சந்தோஷமாக இருக்கும்போது இருவரும் வயது குறைந்து தெரிகிறார்கள். இதை முன்பு கவனித்ததில்லை. கவனிக்கச் சந்தர்ப்பம் வந்ததில்லை.

மாலை, கல்பிட்டி பஸ் நடத்துனர் கந்தோர் வாசலில் ஒரு பையைத் தந்தார். ஜெசியின் சுடும் ஜக்கட். முழங்கையில் தோல் தைத்தது. எங்கள் இருவருக்கும் அது ஒன்றுதான், இரவல் வாங்கித்தான் நான் போடுவேன். ஒரு துண்டு: "நீ போடு. எனக்கு இனி வேணாம்."

சட்டைப்பையில் அவளுடைய குறிப்புக் கொப்பி. மறந்து விட்டுவிட்டாளா, தெரிந்தே வைத்தாளா. ஒவ்வொரு ஞாயிறும் நான் சொன்ன காற்று, அவள் எடுத்த புள்ளி, கடைசியில் ஒரு சொல்: கேட்டா. கேட்டா. கேட்டா. ஒன்றரை வருஷம் கேட்டா.

ஜூன் 9: "கேக்கல்ல. மறந்திருப்பா. வீட்டில என்னமோ பிரச்சினை போல, பாவம்."

ஜூன் 30: "கேக்கல்ல."

அதற்குப் பிறகு பாவம் இல்லை.


ஜூலை 4, வியாழன்

கச்சான் திரும்ப வந்துவிட்டது. ஜன்னலுக்குக் கட்டை வைத்தேன்.

பத்தரைக்கு வாப்பா மன்னாரிலிருந்து தொலைபேசியில்: "ஜீ.எஸ். லீவு. திங்கக்கிழமைதான் வருவாராம். வந்தாலும் ஆறு மாசக் கதைதான் சொல்லுவார் போல. நான் நிண்டு பாக்கிறன், நீ யோசிக்காத."

பதினொன்றுக்குச் சார்ஜனின் அழைப்பு: "நங்கி, கடதாசி எங்க? நாளைக்கு நாலு மணி. இல்லாட்டி இப்பவே சொல்லு. மத்த நங்கிட பேரை எழுதுறன். அவட கடதாசி எல்லாம் தெரிவு அண்டைக்கே தந்தது, இங்க இருக்கு."

பிளாஸ்டிக் உறை. படத்தில் சிரிக்கும் ஜெசி. அவர் மேசையில், அவர் கைக்குக் கீழே.

அரை மணி நேரத்துக்கு முன் வாப்பா சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வாய் திறந்தது.

"வருது சேர். வாப்பா மன்னார்லதான் நிக்கிறார்."

"ஹரி, ஹரி. சரி."

ஏன்? நான் போக முடியாது என்று எனக்குத் தெரியும். அவள் போவதைத்தான் தாங்க முடியவில்லை. இதைவிடக் கெட்டியான காரணம் தேடி நாள் முழுக்கப் பார்த்தேன். இல்லை.

சகோதரர்களின் காணிப் படம் முடிந்தது. கிணறு நடுச் சகோதரருக்கு. மூத்தவர் கையெழுத்து வைக்க மறுக்கிறார்.


ஜூலை 5, வெள்ளி

நாலு மணி பத்து.

பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு கந்தோரில் இருந்தேன். தொலைபேசி மேசையில். எடுத்துப் பேச முடியாத வாய் என்று ஒரு காரணம் இருந்தது.


ஜூலை 22, திங்கள்

நோன்பு. வெயில், உலர்ந்த வாய். நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தேன். ஜக்கட் இன்னும் அலுமாரியில்.

போட்டி சனியும் ஞாயிறும் நடந்து முடிந்தது. சார்ஜன் வேறொருவரின் துணைக்குப் போயிருந்தார், அவர்தான் சொன்னார். எங்கள் மாவட்டத்துக்கென்று ஒதுக்கிய பலகையை இரண்டு நாளும் குழியிலிருந்து மேலே தூக்கவில்லை.